1979 காட்டன் பௌல்: நாலாவது டவுன், ஒரு யார்டு, 28 வினாடி

கேள்வி (வாசகர் ஒருவர் போட்டது, டிசம்பர் 30)

"எங்கள் ஆபீஸில் ஒரு கதை ஓடுகிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ மொன்டானா கல்லூரியில் ஆடிய கடைசி ஆட்டத்தில், கல்லூரி அணிகள் புத்தாண்டில் மோதும் காட்டன் பௌலில், குளிரில் உடம்பு விறைத்துப்போய், இடைவேளையில் கோழி சூப் குடித்துவிட்டு வந்து, 22 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தை ஜெயித்தாராம். சூப்பெல்லாம் கட்டுக்கதை, ஹூஸ்டன் கோச் முட்டாள்தனமாகத் தூக்கிக் கொடுத்த ஆட்டம் அது என்பது என் கட்சி. பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

டிசம்பர் 30, இரவு 10.40

நான் பார்த்திருக்கிறேன். நேரில் இல்லை, அப்போது நான் பிறக்கவே இல்லை; பழைய டிவி பதிவைத்தான் மூன்று நாலு தடவை பார்த்தேன். டல்லாஸ் பக்கம் பதினாலு வருடமாக இருக்கிறேன், ஆட்டம் நடந்த ஃபேர் பார்க் மைதானத்துக்குள் போயும் வந்திருக்கிறேன், அந்த உரிமையில் பேசுகிறேன்.

1979 ஜனவரி 1. மொன்டானாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 35, ஹூஸ்டன் 34. சூப் நிஜம். இடைவேளையில் குடித்துவிட்டு மொன்டானா எழுந்து வந்தார், அப்புறம் நடந்தது நடந்தது. கோச் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, ஆறு புள்ளி முன்னிலை, பந்து உங்கள் கையில், நீங்கள் நிற்பது உங்கள் பக்கத்து 29 யார்டு கோட்டில். எந்த மடையனும் பந்தை உதைத்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவான். இவர் உதைக்கவில்லை. ஒரு யார்டு ஓடிப் பார்க்கலாம் என்றார், போச்சு.

டிசம்பர் 31, காலை 6.50

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் ஒரு பிழை. சூப் குடித்ததும் மொன்டானா சக்திமான் மாதிரி பாய்ந்து வரவில்லை. ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்றாவதான மூன்றாவது குவார்ட்டர் பெரும்பகுதி அவர் உடைமாற்றும் அறையில் போர்வைக்குள்தான் கிடந்தார். உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியிருந்தது. அவருக்குப் பதிலாக டிம் கோகல் ஆடினார், ஒன்றும் நகரவில்லை. இடைவேளையில் 20-12 என்று இருந்த கணக்கு 34-12 ஆன கட்டத்தில்தான் மொன்டானா திரும்பி வந்தார். அதாவது சூப் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அணி இன்னும் 14 புள்ளி கீழே போயிருந்தது.

ஆட்டமே தெரியாத சிலரும் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, அவர்களுக்காக: பத்து யார்டு நகர நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியவில்லை என்றால் நாலாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துத் தூரமாக அனுப்பிவிடுவார்கள், அதுதான் பன்ட். உதைக்காமல் நாலாவதையும் ஆடி, தவறிவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். மைதானக் கடைசியில் இருக்கும் எதிரணியின் எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. அதற்குமேல் ஒரு உதைக்கு ஒரு புள்ளி, அல்லது துணிந்து இன்னொரு முறை எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் இரண்டு. இது போதும்.

டிசம்பர் 31, பகல் 1.15

ஒருவர் "34-12இலிருந்து 35 எப்படி வந்தது, கணக்கு இடிக்கிறதே" என்கிறார். இடிக்கவில்லை. நோட்டர் டேம் மொத்தம் ஐந்து டச்டவுன், 30 புள்ளி. முதல் குவார்ட்டரில் போட்ட இரண்டுக்கும் கூடுதல் புள்ளி கிடைக்கவில்லை, அதனால்தான் 14 இல்லாமல் 12. கடைசி குவார்ட்டரில் அடுத்தடுத்த இரண்டு டச்டவுனுக்கும் இரண்டு இரண்டாக எடுத்தார்கள்: 20, 28. கடைசியில் டச்டவுனோடு 34, உதைத்து 35. ஆரம்பத்தில் சிந்திய இரண்டு புள்ளியைக் கடைசியில் பைசா பாக்கியில்லாமல் பொறுக்கி எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. மீட்சியின் முதல் டச்டவுனில் மொன்டானாவுக்கு வேலையே இல்லை. ஏழரை நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஹூஸ்டன் பன்ட் அடித்தது. டோனி பெல்டன் குறுக்கே பாய்ந்து தடுத்தார், அந்தரத்தில் கிடைத்த பந்தை ஸ்டீவ் சீச்சி பிடித்துக்கொண்டு 33 யார்டு ஓடினார். அந்த நேரத்தில் மொன்டானா ஓரமாக நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். சீச்சிக்கு யாராவது சூப் கொடுத்தார்களா?

டிசம்பர் 31, இரவு 11.20

புத்தாண்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம், வீட்டில் எல்லோரும் டிவி முன்னால், நான் இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் உண்டு. மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். எழுபது தாண்டியவர், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த ஆட்டத்துக்கு அவரிடம் டிக்கெட் இருந்தது. போகவில்லை. முந்தின நாள் டல்லாஸில் பனிமழை பெய்து, மரக்கிளை முறிந்து, மின்கம்பி அறுந்து, ஊரே கண்ணாடி பூசியது மாதிரி ஆகிவிட்டதாம். எழுபதாயிரம் பேருக்குமேல் உட்காரும் மைதானத்துக்கு வந்தவர்கள் 32,000 சொச்சம்தான். மீதிப் பேர் இவரைப் போல வீட்டில் இருந்துவிட்டார்கள்.

அந்த டிக்கெட் இன்னும் இருக்கிறது. மேசை இழுப்பறையில், பழைய சாவிக்கொத்துகளுக்கும் செத்துப்போன பேட்டரிகளுக்கும் அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். வாசலில் கிழிக்க வேண்டிய துண்டு கிழிபடாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, துளைக்கோட்டில் மட்டும் பழுப்பேறியிருக்கிறது.

டிவியில் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம், 34-12 வரைக்கும். ஜெயித்தாயிற்று என்று அணைத்துவிட்டு, குழாய் உறையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போய், அப்படியே தூங்கிவிட்டார். மறுநாள் காலைப் பேப்பரைப் பார்க்கும்வரை ஹூஸ்டன் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்திருக்கிறார். ஒரு ராத்திரி முழுக்க, உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் ஹூஸ்டன்தான் சாம்பியன்.

சரி, உங்கள் கோச் பண்ணியது முட்டாள்தனம்தானே என்றேன். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டார். தோற்ற அணிக்காரரே அப்படிச் சொன்னால் என்ன செய்வது.

ஜனவரி 1, காலை 9.00

திரும்பவும் பார்த்தேன். இந்தத் தடவை பந்தை விட்டுவிட்டுக் காற்றைப் பார்த்தேன்.

அதைக் கவனித்ததும் ஆட்டம் வேறு மாதிரி தெரிகிறது. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி செல்சியஸ், அதோடு சுமார் முப்பது மைல் வேகத்தில் காற்று. நம் ஊர்க் கால்பந்து மாதிரி இது உருண்டைப் பந்து இல்லை. முனை கூரான பந்து, குளிரில் தேங்காய் மாதிரி இறுகிப்போயிருக்கும், எதிர்காற்றில் உதைத்தால் முனை தலைகுப்புறக் கவிழ்ந்து பொத்தென்று விழும். கடைசி குவார்ட்டரில் காற்று நோட்டர் டேம் முதுகில், ஹூஸ்டன் முகத்தில்.

இப்போது அந்த நேரத்துக்கு வருவோம். கணக்கு 34-28. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது மொன்டானா ஹூஸ்டனின் 20 யார்டுக்குப் பக்கத்தில் பந்தை நழுவவிட்டார். ஆமாம், சூப் குடித்த அதே கை! ஹூஸ்டன் எடுத்துக்கொண்டது. அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். மூன்று ஓட்டம் ஓடியும் பத்து யார்டு தேறவில்லை, பன்ட் அடித்தார்கள். ஆனால் நோட்டர் டேம் ஆள் ஒருவர் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஆஃப்சைடு, ஐந்து யார்டு அபராதம். ஆறு யார்டு தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஒரே ஒரு யார்டு.

அதாவது ஹூஸ்டன் கோச் பில் யோமன் முதலில் பன்ட்தான் அடித்தார்! எல்லோரும் அவர் செய்திருக்க வேண்டும் என்று சொல்வதை அவர் செய்துவிட்டார். அந்த ஐந்து யார்டு கைக்கு வந்த பிறகுதான் மனசு மாறியது. நான் முதல் நாள் "எந்த மடையனும்" என்று எழுதியதை இப்போது படிக்கக் கொஞ்சம் கூசுகிறது. அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

ஜனவரி 1, பகல் 2.30

"காற்றைச் சொல்லி வக்காலத்து வாங்காதீர்கள், கணக்கு சொல்லுங்கள்" என்று ஒரு தம்பி. சரி. இது என் மனக்கணக்கு, யாரும் புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பன்ட் அடித்தால்: ஏழு நிமிடம் முன்னால்தான் ஒரு பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுனாகப் போயிருக்கிறது, அந்தப் பயம் ஒன்று. தடுக்கப்படாவிட்டாலும் எதிர்காற்றில் இருபத்தைந்து யார்டு போனால் அதிசயம். மொன்டானாவுக்குப் பந்து பாதி மைதானத்திலேயே கிடைக்கும், அதுவும் காற்று முதுகில். ஓடினால்: ஒரு யார்டு கிடைத்தது என்றால் ஆட்டம் அதோடு முடிந்தது, பந்தோடு இரண்டு தடவை மண்டியிட்டு உட்கார்ந்து நேரத்தை ஓட்டினால் போதும், மொன்டானா பந்தையே தொட மாட்டார். ஒரு யார்டு ஓடுவதற்கு இந்த உலகத்தில் யாரையாவது நம்பலாம் என்றால் யோமனின் அணியைத்தான் நம்ப வேண்டும். வீர் என்ற ஓட்ட ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அவர். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எதிரணி ஆள் நகர்வதைப் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார். 1960களில் ஹூஸ்டனில் பிறந்து, அப்புறம் நாடு முழுக்கப் பரவிய உத்தி. தன் கையால் சமைத்த சாப்பாட்டை ஒருவர் நம்பாமல் இருக்க முடியுமா?

ஹூஸ்டனின் எம்மெட் கிங் பந்தோடு நடுவில் முட்டினார். எதிரே ஜோ கிராம்கி, கூடவே மைக் கால்ஹூன். நகரவில்லை. கடிகாரத்தில் 28 வினாடி.

ஜனவரி 1, மாலை 5.45

ஜோகிந்தர் சர்மாவை இழுக்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். இழுத்துவிட்டார்கள். 2007 டி20 இறுதி ஆட்டம், கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், ஹர்பஜனுக்கு ஓவர் மிச்சம் இருக்கும்போது தோனி பந்தை ஜோகிந்தரிடம் கொடுத்தார். மிஸ்பா பின்பக்கம் தூக்கி அடித்த பந்து ஸ்ரீசாந்த் கைக்கு வந்தது. வராமல் நாலு விரல் தள்ளிப் போயிருந்தால்? தோனி மேதை என்று எழுதிய அதே பேனாக்கள் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது. தோனியிடம் நல்ல வழி என்று ஒன்று இருக்கவே இல்லை, யாராவது ஒருவர் வீசித்தான் ஆக வேண்டும். யோமனுக்குப் பந்தைத் தூரத்தில் தள்ளிவிடும் வழி இருந்தது. பாதி மைதானம் கடப்பது வேறு, 29 யார்டு கடப்பது வேறு. விரல் மரத்துப்போய், அன்றைக்கு ஏற்கெனவே எதிரணிக்குப் பந்தை எறிந்து கொடுத்திருந்த ஒரு பையனை நம்பி 28 வினாடியில் ஐம்பது யார்டு கடந்து காட்டு என்று விட்டிருக்கலாமே? ம். காலையில் யோமன் கட்சியில் இருந்தேன், இப்போது வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

ஜனவரி 2, இரவு 9.30

"நீங்கள் ஏன் அந்தக் கோச்சுக்காக இவ்வளவு உருகுகிறீர்கள்" என்று மேலே கேட்டிருக்கிறார்கள். உருகவில்லை. சொந்தக் கதை ஒன்று உண்டு, அதுதான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் கரண்ட் போய் இருபது மணி நேரம். உள்ளே மூச்சு விட்டால் புகை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மூன்று சேலையைச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் என் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மைல் தள்ளி நண்பன் வீட்டில் கரண்ட் இருந்தது. மனைவி போக வேண்டாம் என்றாள், ரோடு கண்ணாடியாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் போகலாம் என்றேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். பாலத்தின் மேல் ஏறியதும் ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. திருப்புகிறேன், சக்கரம் கேட்கவில்லை, பிரேக்கை அழுத்த அழுத்தக் கரகரவென்று ஒரு சத்தம்தான் வருகிறது. கார் தன் இஷ்டத்துக்குக் குறுக்கே திரும்பி, ஓரத்துத் தடுப்பில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கதவு போயிற்று. மாமியார் ஒன்றும் பேசவில்லை, முருகா என்று மட்டும் சொன்னார். பின்சீட்டில் தூக்குச்சட்டியிலிருந்த ரசம் முழுக்க இருக்கையில்.

அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இலை எடுக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், படுக்கையறைக்கு மேலே குழாய் உறைந்து வெடித்து, கூரைப் பலகை ஊறிக் கட்டிலின் மேலேயே விழுந்து கிடந்தது. மாமியார் படுத்திருந்த பக்கம். அதை யாரும் சொல்வதில்லை, கார் கதவைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் நான் செய்தது சரியா? தெரியவில்லை. பகலிலேயே கிளம்பியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது என்று மனைவி சொல்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 2, இரவு 9.50

இல்லை, இருக்கையிலிருந்து ரச வாசனை போகவே இல்லை. ஆறு மாதம் கழித்துக் காரை விற்கும்போது வாங்க வந்தவர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார்.

ஜனவரி 3, காலை 7.20

மொன்டானாவுக்குச் சூப்புக்குப் பதில் மிளகு ரசம் கொடுத்திருந்தால் 50 புள்ளி எடுத்திருப்பார் என்று ஒருவர். இந்த இழையில் இதுவரை வந்ததில் ஆதாரமில்லாத ஒரே கூற்று, ஆனால் மறுக்கவும் மனசு வரவில்லை.

ஜனவரி 4, மாலை 6.10

மொன்டானாவை நான் குறைத்துப் பேசுவதாகக் குற்றச்சாட்டு. பேசவில்லை. அந்த 28 வினாடியைப் பாருங்கள். முதலில் தானே பந்தை எடுத்துக்கொண்டு 11 யார்டு ஓடினார். அடுத்து கிரிஸ் ஹெயின்ஸுக்கு ஒரு பத்து யார்டு பாஸ். எட்டு யார்டு கோடு, 6 வினாடி. எண்ட் ஜோன் வலது மூலையில் ஹெயின்ஸுக்கே எறிந்தார், பிடிபடவில்லை. 2 வினாடி. வேறு யாராக இருந்தாலும் வேறு எதையாவது முயன்றிருப்பார்கள். இவர்கள் அதே ஆட்டத்தை, அதே மூலைக்கு, அதே ஆளுக்கு மறுபடி ஆடினார்கள். மொன்டானா வலப்பக்கம் நகர்ந்தபடி பந்தைத் தாழ்வாக, கோட்டுக்கு ஓரமாக விட்டார். ஹெயின்ஸ் விழுந்து பிடித்தால்தான் உண்டு, தடுப்பவர் கைக்கு எட்டவே எட்டாது. பிடித்தார். கடிகாரம் பூஜ்யம்.

இந்த மனுஷருக்கு இது பழக்கம். 1975இல் ஏர் ஃபோர்ஸ் அணியிடம் 30-10 என்று பின்தங்கி 31-30இல் ஜெயித்தார். 1977இல் பர்டூவுக்கு எதிராக மூன்றாவது ஆளாக உள்ளே வந்து திருப்பினார். ஆனால் எப்போதும் பலிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்: 1978 நவம்பரில், இந்த ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமான யு.எஸ்.சி.யிடம் 24-6இலிருந்து 25-24 என்று முன்னேறிவிட்டு, கடைசி இரண்டு வினாடியில் ஒரு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) வாங்கி 27-25இல் தோற்றார்கள். அந்த ஆட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. இதற்குச் சிக்கன் சூப் ஆட்டம் என்று பெயர்.

இவ்வளவுக்கும் பிறகு தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வில் அவரை மூன்றாவது சுற்றில்தான் எடுத்தார்கள், 82ஆவது ஆளாக. முன்னால் 81 பேர். பெரிய நிபுணர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுதான் அதுவும். சான் பிரான்சிஸ்கோ அணிக்கு அந்த லீக்கின் கோப்பையான சூப்பர் பௌலை நாலு முறை வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 5, காலை 8.00

இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததை இன்றைக்குத்தான் தேடி எடுத்தேன். சரியாக ஒரு வருடம் கழித்து, 1980 ஜனவரி 1, அதே மைதானம், அதே காட்டன் பௌல், மறுபடியும் யோமனின் ஹூஸ்டன். எதிரே நெப்ராஸ்கா. ஆட்டம் முடியச் சில வினாடி, ஹூஸ்டன் 14-10 பின்தங்கியிருக்கிறது, நாலாவது டவுன். டெர்ரி எல்ஸ்டன் எறிந்தார், எரிக் ஹெரிங் எண்ட் ஜோனில் பிடித்தார். 17-14.

ஒரே மனுஷர், ஒரே மைதானம், இரண்டு நாலாவது டவுன். அந்த இரண்டாவதைப் பற்றி உங்களில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் பதினாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், கேள்விப்பட்டதில்லை.

யோமன் ஹூஸ்டனில் 1962 முதல் 1986 வரை கோச்சாக இருந்தார், 160 வெற்றி. தெற்கே பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்கத் தயங்கிக்கொண்டிருந்த 1964இல் வாரன் மெக்வீயைக் கொண்டுவந்தவர். 2020இல், 92 வயதில் இறந்தார். அவர் பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது ஒரு யார்டுதான். எனக்கும் போன வாரம் வரை அதுதான்.

ஜனவரி 5, காலை 8.25

இல்லை தம்பி, 1980இல் அவருக்கு வேறு வழி இல்லை என்பது தெரியும், பின்தங்கியிருந்தால் நாலாவது டவுனை ஆடித்தான் ஆக வேண்டும். தோனியைப் பற்றி நானே சொன்னதை எனக்கே திருப்பி அடிக்கிறீர்கள். நியாயம்தான்.

ஜனவரி 7, இரவு 10.05

கடைசி உதையைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். ஹெயின்ஸ் பிடித்ததும் கணக்கு 34-34, சமம்தான். கடிகாரம் தீர்ந்துவிட்டது, ஒரு புள்ளி உதை மட்டும் பாக்கி. உதைத்தது ஜோ யூனிஸ், டல்லாஸ் பையன். உதைத்தார், உள்ளே போனது, எல்லோரும் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். நடுவர் மஞ்சள் துணியை வீசியிருந்தார். நோட்டர் டேம் ஆள் ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிட்டார், ஐந்து யார்டு பின்னால் போய் மறுபடி உதைக்க வேண்டும். அந்தக் குளிரில், அந்தக் காற்றில், ஒருமுறை ஜெயித்துக் கத்தி முடித்த பிறகு. மறுபடி உதைத்தார், மறுபடி உள்ளே போனது. இரண்டாவது உதைக்கு முன்னால் அவர் முகத்தைப் பதிவில் தேடித் தேடிப் பார்த்தேன், தூரத்திலிருந்து எடுத்த படம், ஒன்றும் தெரியவில்லை. கையை ஒருமுறை தொடையில் தேய்த்துக்கொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அங்கேயும் ஐந்து யார்டு, இங்கேயும் ஐந்து யார்டு. முதலாவது யோமனின் மனசை மாற்றியது, இரண்டாவது ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 11, இரவு 8.40

பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை, மனைவி பஜ்ஜி போட்டாள். நீங்கள் பார்க்காமல் விட்ட கடைசி ஏழு நிமிடத்தை இப்போது பார்க்கலாமா என்று கேட்டேன். சரி போடு என்றார்.

முதலிலிருந்தே பார்த்தோம். ஹூஸ்டன் ஒவ்வொரு முறை எண்ட் ஜோனுக்குள் போகும்போதும் பஜ்ஜி பிடித்த கையால் தொடையில் ஒரு தட்டு. எல்லாம் மனப்பாடம், ஓடுபவர் திரும்புவதற்கு முன்னால் இவர் விரல் அந்தப் பக்கம் திரும்புகிறது. 34-12 வந்தது. திரையில் கணக்கு தெரிந்ததும் என்னிடம் ரிமோட்டைக் கேட்டார். சத்தம் கூட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அணைத்துவிட்டார். மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உன் வீட்டுப் பின்பக்கக் குழாய்க்கு உறை போட்டாயா, அடுத்த வாரம் குளிர் வருகிறது என்கிறார்கள் என்றார். போடவில்லை. இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம்.